வீட்டுக்காரருக்குத் தெரியாமல்

விடுபட்ட பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் முகாமை நான் ஒருங்கிணைத்த காலம் அது. ஒரு தாய் தன் நாலு வயது மகனை, முந்தானைக்குள் யானையைக் கடத்துவதுபோல் கொண்டுவந்தாள்.

"சீக்கிரம் போடுங்க சார். என் வீட்டுக்காரருக்கு ஊசின்னாலே ஆகாது. தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். புள்ளைக்கு உடம்பு லேசா சுட்டாலே நான் செத்துப் பொழைக்கிறேன்."

நர்ஸ் சட்டைக் கையை மடித்தார். பையன் தடுத்தான்.

"இந்தக் கையில போன வாரமே போட்டாச்சு. அந்தக் கையில போடுங்க."

தாய் திகைத்தாள். "யாருடா கூட்டிட்டு வந்தது?"

"அப்பா. உனக்குத்தான் ஊசின்னா ஆகாதாம். உன்கிட்ட சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னாரு."

"அடப்பாவி மனுஷா!" அவள் போட்ட கூச்சலில் பெட்டியிலிருந்த ஊசிகளெல்லாம் நடுங்கின. பெஞ்சில் சரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாம இப்படிப் பண்ணிட்டாரே சார்! இந்த மனுஷனை நம்பி இனி எப்படிக் குடித்தனம் பண்றது?"