ஜன்னலோரப் பிறந்தநாள்

"அத்தை, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். ஜன்னலை ஒட்டி உக்காருங்க."

"இதுக்கு மேல ஒட்டினா ஏரிக்குள்ளதாண்டி விழணும்."

"ஒரு சாண் போதும் அத்தை. டிர்க் மாமா, நீங்க அத்தைக்குப் பக்கத்துல. சின்னவங்கள்லாம் ரெண்டு ஓரத்துலயும்."

பார்ப்பவர்களுக்கு, பிறந்தநாள் படம் எடுக்க ஆட்களை வரிசைப்படுத்துவது போலத்தான் தெரியும். கூரையில் காகிதக் கொடிகள், சமையல் மேடையில் ஆப்பிள் கேக், ஜன்னலோரமாக நெருக்கியடித்து ஒன்பது உறவினர்கள். ஆனால் ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்த ஹென்னியின் கணவன் ரூலோஃப் கையில் கேமரா இல்லை. அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தரைச் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தின் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துருச்சு," என்றான். "நடுவுல நிக்குது. யாரும் அசையாதீங்க."

ஆம்ஸ்டர்டாமின் கிழக்கு ஓரத்தில், ஏரியில் மிதக்கும் கண்ணாடி வீடு அது. போன வருடம் ரூலோஃப் ஆசைப்பட்டு, ஒரே கல்லில் செய்த கறுப்புச் சமையல் மேடை ஒன்றைக் கிரேன் வைத்து இறக்கினான். இறக்கிய கையோடு அதன் மேலேயே படுக்கையறையையும் கட்டிவிட்டார்கள். இனி கல்லை வெளியே எடுக்க வழியில்லை. அன்றிலிருந்து வீடு சமையலறைப் பக்கம் மூன்று விரல் சாய்ந்தே நிற்கிறது.

விலைக்குக் கேட்டு இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். கொடுத்த காபி கோப்பைக்குள் ஒரு பக்கம் ஏறி நின்றதைப் பார்த்தார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள்தான்.

ஹென்னிக்கு ஓடும் ஆரஞ்சுப் பழங்களைத் துரத்தி அலுத்துவிட்டது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. உட்ரெக்ட் பக்கம் கெட்டித் தரையில், தோட்டத்தோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். இன்று மாலைக்குள் இது கைமாறாவிட்டால், அது வேறு யாருக்கோ போய்விடும்.

அதனால்தான் இந்தப் பிறந்தநாள். அந்த ஊரில் வேறெதற்காகவும் ஒன்பது பேரை மதியம் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் உட்காரவைக்க முடியாது.

மணி அடித்தது. வீடு பார்க்க வந்தவர் ஸ்டாம் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கொடிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவிட்டார்.

"வாழ்த்துகள். யாருக்குப் பொறந்தநாள்?"

"அத்தைக்கு," என்றாள் ஹென்னி.

"மாமாவுக்கு," என்றான் ரூலோஃப், அதே நொடியில்.

"ரெண்டு பேருக்கும்தான்," என்றாள் தியா அத்தை, கொஞ்சமும் அசராமல். "அதுக்காகவே கட்டிக்கிட்டோம். வருஷத்துக்கு ஒரு கேக் மிச்சம்."

ஸ்டாம் வாய்விட்டுச் சிரித்தார். ரூலோஃப் அவர் கையில் காபியைக் கொடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டினான். அவர் சமையலறைப் பக்கம் நகரும்போதெல்லாம் ஹென்னி கண்ணைக் காட்டுவாள். டிர்க் மாமா நாற்காலியோடு ஜன்னலை இன்னும் கொஞ்சம் நெருங்குவார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தியா அத்தை எழுந்திருக்கும் வரை.

"அத்தை, எங்க?" என்றாள் ஹென்னி.

"கேக் எடுக்க."

"ஒரு துண்டு சாப்பிட்டீங்களே."

"பொறந்தநாள்காரிக்குமா ஒரு துண்டு? நல்லாயிருக்குடி உன் உபசாரம்."

அத்தை பெரிய உடம்புக்காரி. அவள் சமையல் மேடையை நோக்கி நடக்க நடக்க, வீடும் அவளோடு சாய்ந்தது. கொடிகள் ஒரு பக்கமாகத் தொங்கின. ரூலோஃப் கண்களை மூடிக்கொண்டான்.

ஸ்டாம் அப்போது அவனிடம் குளிர்காலத்தில் வீடு எப்படிச் சூடாகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே, திரும்பியும் பார்க்காமல், நாலு எட்டு வைத்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கோப்பையிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வீடு மெல்ல நிமிர்ந்தது.

நல்லவேளை, மனிதர் எதையும் கவனிக்கவில்லை என்று ஹென்னி பெருமூச்சு விட்டாள்.

அத்தை தட்டோடு திரும்பி வந்ததும் ஸ்டாம் அவளிடம் பேச்சுக் கொடுத்தார். "ரொம்ப தூரத்துலேருந்தா வந்திருக்கீங்க?"

"ஸாண்டாம்லேருந்து. ரயில்ல."

"நாளைக்கும் இங்கதான் இருப்பீங்களா?"

"கேக் தீராம இருந்தா இருப்பேன்."

எவ்வளவு தன்மையான மனிதர் என்று ஹென்னி நினைத்துக்கொண்டாள். இவர் மாதிரி ஒருவர் கையில் வீடு போனால் நல்லதுதான்.

விடைபெறும்போது ஸ்டாம் அவளைத் தனியாக வெளியே கூப்பிட்டார். ரூலோஃப் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். இருவரும் கரைக்குப் போகும் மரப்பாலத்தில் நின்றார்கள்.

"ஒண்ணு கேக்கணும். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

ஹென்னிக்கு உட்ரெக்ட் தோட்டம் கண்முன்னால் வந்து நின்றது. "தாராளமா கேளுங்க."

"நான் வீடு வாங்க வரலைங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏரிக்கு அந்தாண்ட எனக்கும் ஒண்ணு மிதக்குது. மாடியில நீச்சல் தொட்டி வச்சேன், நாலு விரல் சாஞ்சு போச்சு. மத்தவங்கள்லாம் எப்படிச் சமாளிச்சு விக்கிறாங்கன்னு பாக்கத்தான் வந்தேன். நாளைக்கு எங்க வீட்டைப் பாக்க ஆள் வராங்க."

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். தியா அத்தை மூன்றாவது துண்டுக்கு எழுந்துகொண்டிருந்தாள்.

"உங்க அத்தையை ஒரு மணி நேரம் அனுப்பி வைப்பீங்களா?"