தங்கப்பழத்தின் வாரிசுகள்

நம்பினால் நம்புங்கள், முட்டைக்கோஸ் தோட்டத்தில் மருந்தடித்த அன்று நேரடியாக நனைந்தும் சாகாத அந்துப்பூச்சி வெயிலான் ஒருவன்தான். "பிறவியிலேயே மருந்து ஏறாத உடம்புடா!" என்று மிஞ்சிய கூட்டம் அவனைக் கொண்டாடியது.

இலைக்கு அடியில் ஒளிந்து பிழைத்த தங்கப்பழத்துக்கு வயிறு எரிந்தது. "நானுந்தான் தலையோடு கால் நனைஞ்சேன். ஒரு தும்மல் வந்துச்சு, அவ்வளவுதான்" என்று அளந்துவிட்டான்.

அதை நம்பித்தான் பூவாத்தா அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் குடும்பமோ மருந்து வாடைக்கே மயங்கி விழுகிற குடும்பம். "பிறக்கிற பிள்ளைங்களாவது பொழைக்கட்டும்" என்றாள்.

இருநூறு பிள்ளைகள் பிறந்தன. மறுபடி மருந்து அடித்தார்கள். தங்கப்பழம் இலைக்கு அடியில் ஒண்டி, பிள்ளைகள் போய்விட்டன என்றே கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் இருநூறு புழுக்களும் சொட்டச் சொட்ட நனைந்தபடி கோஸைக் கடித்துக்கொண்டிருந்தன.

"அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்குங்க!" என்றது கூட்டம். பூவாத்தா தலையைக் குனிந்துகொண்டாள். வெயிலான் வந்து தங்கப்பழத்தின் இறக்கையைத் தட்டினான். "நம்ம பிள்ளைங்கன்னா சும்மாவா, மாப்ளே!"

தங்கப்பழத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பூவாத்தா குடும்பத்தின் லட்சணம் ஊருக்கே தெரியும். தன் லட்சணம் தனக்குத் தெரியும். சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கலாம்தான். கேட்டால், தான் ஒளிந்த கதையையும் சொல்லியாக வேண்டுமே.

"ஆமா மச்சான், என் ரத்தமாச்சே!" என்று இல்லாத பல்லைக் காட்டிச் சிரித்தான்.