குதிகால் குழி

"மாடு தோண்டுச்சுன்னு மட்டும் சொல்லாதே பிட்சினா. மாட்டுக்குளம்பு எனக்குத் தெரியும். இது குதிகால்."

அவ்தாந்தில் என்ற கால்பந்துப் பயிற்சியாளர், புல்தரையில் இருந்த குழியைக் காட்டினார். ரக்பி கிளப்பின் செயலாளர் பிட்சினா குனிந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

ஊருக்கு இருப்பது இந்த ஒரே மைதானம்தான். சனிக்கிழமை ரக்பி, ஞாயிற்றுக்கிழமை கால்பந்து. ஞாயிறு விடிந்தால் சொல்லிவைத்த மாதிரி இதே இடத்தில் குழி. அவ்தாந்தில் மண் போட்டு மூடி மூடிச் சலித்துப்போனார்.

"எங்க விங்கர் பையன் இதுல கால் மடங்கி விழுந்து ஆறு வாரமா கட்டோட கிடக்கிறான். உங்க ஆளுங்க திமிருக்கு ஒரு அளவே இல்லையா?"

"அண்ணே, உதைக்கிறதுக்கு முன்னாடி பந்தைத் தரையில நிமிர்த்தி நிறுத்த எங்க பசங்க இப்ப பிளாஸ்டிக் கிண்ணம் வைக்கிறாங்க. குதிகாலால தோண்டி நிறுத்துனவன் ரெஸோ ஒருத்தன்தான். கடைசி ஆட்டத்துல இந்த இடத்துல இருந்துதான் உதைச்சு ஜெயிச்சுக் கொடுத்தான். பைக்ல போய் அடிபட்டுச் செத்து ரெண்டு வருஷமாச்சு."

"செத்தவனை ஏன் இழுக்கிறே?" அவ்தாந்திலின் முகம் கறுத்தது.

"அவன் ஆடுனதை ஒரு தடவையாவது வந்து பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

"மண்டையோட மண்டை முட்டிக்கிறதைப் பார்க்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? வர்ற ஞாயிறு தோண்டுறவனை போட்டோ எடுத்து நகராட்சில கொடுக்கிறேன். அப்புறம் உங்களுக்கு இங்க இடம் கிடையாது."

"எங்க பசங்க எங்க போவாங்க? குத்தாயிசி டவுனுக்கா? கிளப்பையே மூட வேண்டியதுதான்."

"மூடு. ஊர் நிம்மதியா இருக்கும்."

அடுத்த ஞாயிறு விடிகிற நேரம். ஆற்றுப்பக்கமிருந்து வந்த பனியில் எதிர்ப்பக்க கோல்கம்பம் சரியாகத் தெரியவில்லை. அவ்தாந்தில் சிமெண்ட் படிக்கட்டில் செல்போனோடு காத்திருந்தார். இன்றைக்கு மாட்டினான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

வந்தது ஒரு பெண். கறுப்பு உடை. காலில் அளவுக்கு மிகப் பெரிய ஆண்பிள்ளைப் பூட்ஸ். நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றாள். சிலுவைக்குறி போட்டுவிட்டு, வலது குதிகாலை மண்ணில் ஊன்றித் திருகத் தொடங்கினாள். ஈர மண் லேசில் பெயரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினாள்.

அது யாரென்று அவ்தாந்திலுக்குத் தெரிந்துபோயிற்று. போனைப் பைக்குள் போட்டார். படி இறங்கிப் புல்லில் நடந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், அவரைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினாள்.

"வீட்டுல கோயிலுக்குன்னு சொல்லிட்டு..." என்று இழுத்தாள்.

அவர் அவள் தோளைப் பிடித்து மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார்.

"வலது குதிகால் இல்ல, லமாரா," என்றார். "நம்ம மகன் இடது குதிகாலாலதான் தோண்டுவான். அவன் ஆடுன ஒவ்வொரு ஆட்டத்தையும் வேலிக்கு வெளிய ஒளிஞ்சு நின்னு பார்த்திருக்கேன்."