மூன்றாவது பெட்டி

திரையில் முள்ளம்பன்றியின் பின்புறம் வந்ததும் அரங்கு சிரித்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

படம் எடுத்தவளின் அம்மாவும் அப்பாவும்.

மழைக்காட்டைக் காக்க இளையவர்களுக்காகத் தொடங்கிய புகைப்படக் குழுவில் மகள்தான் கடைக்குட்டி. மைக்கைப் பிடித்தபடி உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தாள். மரத்தில் கட்டும் கேமராப் பெட்டிக்குக் கண் இரண்டு. ஒன்று படம் எடுக்கும். மற்றது சூட்டை மட்டும் பார்க்கும். குளிர்ந்த காட்டில் வெதுவெதுப்பான உடம்பு ஒன்று குறுக்கே நகர்ந்தால் போதும், படம் விழுந்துவிடும். நிழலில் இலை ஆடினால் ஏமாறாது.

“ஆனா அதுக்கு ஆள் பேதம் தெரியாது. மானா, மனுஷனான்னு பாக்காது.”

அம்மா ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள்.

நேற்று சாப்பிடும்போதுதான் மகள் சொன்னாள். மூன்று பெட்டிகள் அவள் பொறுப்பாம். ஒன்று மிருகங்கள் உப்பு மண்ணை நக்க வரும் இடத்தில். ஒன்று விழுந்த மரத்தடியில். மூன்றாவது, ஓடையைக் கடக்கும் பாறையருகே.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பாறையைத் தாண்டித்தான் அவர் மானுக்குக் கம்பிச் சுருக்கு வைக்கப் போவார். விறகுக்கு என்பார். வீட்டில் வண்டியே கிடையாது. பரண்மேல் மட்டும் கிளட்ச் கம்பி சுருள் சுருளாகக் கிடக்கும். எதற்கென்று மகளுக்குத் தெரியாது என்றே அம்மா நினைத்திருந்தாள்.

முதல் வரிசையில் வனச்சரகர் உட்கார்ந்திருந்தார்.

மான். மரநாய். காட்டுக்கோழி.

அடுத்ததில் இவருடைய கட்டம்போட்ட சட்டை வந்துவிட்டால்? ஊரே பார்க்க, பெற்ற மகளே கைகாட்டிக் கொடுத்தது போலாகிவிடுமே.

“இருமாதீங்க. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.”

“என்னைக் கேட்டுக்கிட்டா வருது?” என்றார் அவர். நெற்றியெல்லாம் வியர்வை.

விளக்கு எரிந்தது. படங்கள் முடிந்துவிட்டன.

அம்மா மூச்சு விடுவதற்குள் வனச்சரகர் எழுந்தார்.

“மூணு பெட்டின்னாங்களே. ஓடைப் பக்கம் வெச்சது என்னாச்சும்மா? அங்கதான் எங்களுக்குச் சந்தேகமே. படம் பதியற கார்டைக் குடு, நாங்க பாத்துக்கறோம்.”

“குழுவுல ஒரு வழக்கம் இருக்கு சார். பெட்டியைக் கட்டினவங்கதான் முதல்ல படத்தைப் பாக்கணும். நான் இன்னும் பாக்கல.” மகளின் பார்வை கடைசி வரிசைக்கு வந்தது. “பெட்டி இனிமே அங்கேயேதான் இருக்கும்.”

அப்பா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டம் கலையும்வரை அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு மேடைக்கு ஓடினாள். மகள் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பெட்டில அப்பா இருக்காராடி?”

மகள் அக்கம்பக்கம் பார்த்தாள். திரையின் மறுமுனையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“அதுல கார்டே போடலம்மா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத.”