திரையில் வராத ஹனீன்

காஸா மாணவி ஹனீனின் மருத்துவப் படிப்புக்கு உதவுவதா வேண்டாமா என்பதை இன்றைய இணையவழி நேர்காணல்தான் முடிவு செய்யும். மலேசியாவின் ஈப்போவில், தௌஃபிக்கின் சாப்பாட்டுக் கடை மாடியில், அறவாரியக் குழுவினர் மூவரும் மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் வரவில்லை.

"இந்தத் தே தாரிக் டீ முடியுற வரைக்கும்தான்லா. வரலன்னா, இடம் அடுத்த பிள்ளைக்கு," என்றார் தலைவர் பழனியப்பன்.

"குண்டு விழுற ஊருண்ணே! அவ என்னமோ பஸ்ஸ விட்டுட்ட மாதிரி பேசுறீங்க!" கலாதேவி சீறினார்.

"உசுரோட இருக்காளோ, என்னமோ..." தௌஃபிக் துஆ ஓதத் தொடங்கினார்.

கிளாஸ் காலியானது. பழனியப்பன் மடிக்கணினியை மூடக் கை நீட்டினார்.

கலாதேவியின் கைப்பேசி சிணுங்கியது. ஹனீன் அனுப்பிய குறுஞ்செய்தி. சத்தமாகப் படித்தார்:

"வெகுநேரமாகக் காத்திருக்கிறேன். உங்கள் பக்கம்தான் இணையம் இல்லை. அங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்கள்தானே?"