இன்ஜின் இல்லாத கார்

அக்ஷயா எப்படியும் சரி சொல்லிவிட வேண்டும். மனோஜ்குமார் காரின் பானெட்டையே திறந்து காட்டினான்.

“பாருங்க, இன்ஜினே கிடையாதுங்க. சீட்டுக்கு அடியில பேட்டரி. அதுல மோட்டார் சுத்தும், மோட்டார் சக்கரத்தைச் சுத்த வெக்கும். அவ்வளவுதானுங்க.”

“கியருங்க?”

“இல்லைங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, ஓடுற சக்கரமே மோட்டாரைச் சுத்த வெச்சு பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துமுங்க.”

“அப்ப ஊட்டியில இருந்து இறங்கறப்ப?”

“சார்ஜ் ஏறிட்டே வருமுங்க.”

அக்ஷயாவின் கண்கள் விரிந்தன. மனோஜ்குமாருக்கு நம்பிக்கை வந்தது.

அதற்குள் அவள் அப்பா ஆறுச்சாமி வாசலுக்கு வந்தார். பின்னால் இரு வீட்டுச் சொந்தங்களும் கேசரித் தட்டோடு எட்டிப் பார்த்தார்கள்.

“தனியாப் பேசுங்கன்னு அனுப்பி அரை மணி நேரமாச்சு. மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கா அம்மணி?”

“காரைப் புடிச்சுப்போச்சுங்கப்பா. மாப்பிள்ளை தன்னைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசலைங்க. நானே ஓட்டி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயிட்டு வந்து சொல்றனுங்க.”