கிழவி சாகணுமா, வேணாமா?

“கிழவியைக் கொன்னுடுங்க. இரக்கமே பாக்காதீங்க. முடிஞ்சா வெள்ளிக்கிழமைக்குள்ள.”

மாவு ஒட்டிய கட்டைவிரலால் இதைத் தட்டி அனுப்பிவிட்டு, பெகிமாய் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய மாமியார் துர்சுனாய் சாமான் அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஜாம் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் ஒரு மணி நேரம் எண்ணுவாள். நாற்பது பாட்டிலை ஒரு மணி நேரம் எண்ணுகிற ரிட்டயர்டு டீச்சர் நாரின் ஊரிலேயே இவள் ஒருத்திதான்.

“அந்தக் கெட்டிச் சட்டியை இறக்கு, எண்ணெய் புகையுது!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரும்புச் சட்டி என்று மட்டும் சொல்ல மாட்டாள். செத்துப்போன அவளுடைய மாமனார் பெயர் தெமிர்பெக். தெமிர் என்றால் அவர்கள் மொழியில் இரும்பு. புகுந்த வீட்டுப் பெரியவர் பெயர் மருமகள் வாயில் வரக் கூடாது. பள்ளியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியபோதும், அந்த ஒரு தனிமத்தை மட்டும் கரும்பலகையில் குறியீடாக எழுதிக் குச்சியால் தட்டிக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாளாம்.

பெகிமாய்க்குத் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். கணவன் உலானுக்குச் சுரங்கத்தில் வேலை. மாதம் ஒருமுறை வந்து தூங்கிவிட்டுப் போவான். அவனிடம் கேட்டால், “அம்மாகிட்ட கேளு” என்றான்.

அம்மாவிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. “நீ போயிட்டா நான் என்ன பண்றது?” என்று எரிந்து விழுந்துவிட்டு அவள் சாமான் அறைக்குள் போய்விட்டாள். வேறென்ன, சமைத்துப்போட ஆள் வேண்டும்.

அந்தப் படிப்புக்கான புத்தகத்தை இணையத்தில் ஓசியில் தேடப்போய்த்தான் பெகிமாய்க்கு ஓசி மாயக்கதைகள் அகப்பட்டன. ‘ஒற்றைக்கண் கழுகு’ என்று யாரோ ஒரு ஆசாமி. ஏழு மலை நாட்டைப் பற்றி நீளமாய் ஒரு நாவல், அதில் ஓரமாக வந்துபோகிறவர்களுக்கெல்லாம் தனித்தனிக் கிளைக்கதைகள். எல்லாமே சும்மா. பாடப்புத்தகம் தேடுவதை அவள் அன்றோடு விட்டாள்.

நாவலில் இரண்டே பக்கம் வந்த பானைச் சூனியக்காரிக்குக் கிளைக்கதைகளில் ஏக மவுசு. மருமகளைப் பானைக்குள் அடைத்துவைத்திருக்கும் கிழவி அவள். “இந்த நாட்டுல வாளைக்கூட மலையோட எலும்புல செய்றாங்க. இரும்புங்கற பேச்சே இல்ல. என்னா கற்பனை!” என்று வாசகர்கள் உருகினார்கள். பெகிமாய்க்கு வாளைப் பற்றி அக்கறையில்லை. கிழவி எப்போது சாவாள் என்பதுதான் அவள் கவலை.

‘பானைக்கைதி’ என்ற பெயரில் தினமும் பின்னூட்டம் போட்டாள். “எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கு. சர்க்கரைக் கட்டியை எண்ணி வைக்கும். நான் சிரிச்சா என்ன சத்தம்னு கேக்கும். ராத்திரி பூரா குறட்டை விட்டுட்டு, காலைல காத்து ஜாஸ்தின்னு சொல்லும்.”

அடுத்த கதையிலேயே சூனியக்காரி சர்க்கரைக் கட்டிகளை எண்ணினாள். அதற்கடுத்த கதையில் குறட்டை விட்டு ஒரு மலையைச் சரித்தாள். பெகிமாய்க்குத் தலைகால் புரியவில்லை. நாலாயிரம் பேர் தன் மாமியாரைப் படித்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் தனியே சிரித்தாள்.

இந்த வாரம் கழுகு வாக்கெடுப்பு வைத்திருந்தது. கிழவி சாகணுமா, வேணாமா? அதற்குத்தான் பெகிமாய் சற்றுமுன் ஓட்டுப் போட்டிருந்தாள். மனசு ஆறாமல் போனை மறுபடி எடுத்து இன்னும் நாலு வரி சேர்த்தாள்.

“அவ செத்தாத்தான் உள்ள இருக்கறவ வெளிய வருவா. உங்க கதைல ஒருத்தியாவது வெளிய வரட்டும். எனக்குப் படிக்கணும். என் பானையைத் திறக்க யாருமில்ல.”

எழுதி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்ப் புகை மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சாமான் அறைக் கதவு திறந்தது. துர்சுனாயின் முகம் சரியில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றித் துடைத்தாள்.

“உக்காரு.”

“அத்தே, மாவு அப்படியே கெடக்கு...”

“கெடக்கட்டும். உக்காருன்னேன்.”

டீ ஊற்றுவது மருமகள் வேலை. துர்சுனாய் கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு தானே ஊற்றினாள். அரைக் கிண்ணத்தோடு நிறுத்தாமல் விளிம்பு தளும்ப ஊற்றினாள். மதிப்பானவர்களுக்கு அரைக் கிண்ணம்தான். நிறைய ஊற்றினால் ‘குடிச்சிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தம். போனைப் பார்த்துவிட்டாளோ? தாய்வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதானோ?

“அத்தே, நான் சும்மா வெளையாட்டுக்கு...”

“வாயை மூடு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பிஷ்கெக் வண்டி. உலான்கிட்ட நான் பேசிக்கறேன்.”

பெகிமாய் கிண்ணத்தைப் பட்டென்று கீழே வைத்ததில் டீ சிந்தியது. “நெசமாவா அத்தே? சமையலுக்கு என்ன பண்ணுவீங்க?”

“எனக்குச் சமைக்கத் தெரியாதா என்ன? சமையலுக்கா உன்னைப் பிடிச்சு வச்சேன்?” துர்சுனாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அங்க போயும் என்னைத் தினம் திட்டி எழுது, இல்லேன்னா எனக்குக் கதையே வராது.”